பிஸ்கட் டப்பாவில் கிடைத்த பதக்கமும் நான் கொன்ற சிப்பாயும்

முதலிலேயே சொல்லிவிடுகிறேன், இது நான் அசடு வழிந்த கதை. பழைய சாமான் கடையில் கிடைத்த ஒரு ராணுவப் பதக்கத்தை வைத்துக்கொண்டு ஐந்து வாரம் ஒரு ஆளைத் தேடினேன். அதில் முதல் மூன்று வாரம் தேடியது வேறு ஆளை. எங்கே தப்பியது, எப்படிப் பிடிபட்டது, கடைசியில் யார் வந்து நின்றார் என்பதையெல்லாம் வரிசையாக எழுதி வைத்தால் இதே கிறுக்கில் இறங்குகிறவர்களுக்கு உதவும் என்றுதான் எழுதுகிறேன். சிப்பாயின் பெயரையும் முழு எண்ணையும் போடவில்லை. பேரப்பிள்ளைகள் எங்காவது இருப்பார்கள், அவர்களைக் கேட்காமல் அவருடைய காயத்தையும் பென்ஷனையும் பெயரோடு எழுத மனம் வரவில்லை.

பதக்கம் கிடந்தது கண்ணாடி அலமாரியில் இல்லை. அலமாரிக்குப் போனதைக் கடைக்காரர் ஏற்கெனவே புரட்டிப் பார்த்து, தேடி, விலையும் ஏற்றியிருப்பார். நான் எப்போதும் கை விடுவது பொத்தான், சாவி, செல்லாத நாணயம் எல்லாம் கொட்டி வைத்திருக்கும் டப்பாக்களில்தான். இதுவும் அப்படி ஒரு பிஸ்கட் டப்பா. அடியில் நாணயத்தைவிடப் பெரிதாக, அடுப்புக்கரி மாதிரி கறுத்த ஒரு வட்டம், தலையில் நேரான கம்பி, ரிப்பன் இல்லை. சட்டையில் லேசாகத் துடைத்தேன் (துடைத்திருக்கக் கூடாது, அதைப் பிறகு சொல்கிறேன்), ஐந்தாம் ஜார்ஜின் தலை தெரிந்தது. பின்பக்கம் ஆடையில்லாத ஒரு ஆள் குதிரைமேல், குளம்புக்கடியில் ஒரு கேடயம், மண்டை ஓடு, எலும்பு, ஓரத்தில் 1914, 1918. முதல் உலகப் போருக்காக பிரிட்டன் கொடுத்த பிரிட்டிஷ் வார் மெடல். வெள்ளி, 36 மில்லிமீட்டர் விட்டம்.

இது அபூர்வமான சாமான் இல்லை. வெள்ளியில் மட்டும் சுமார் 65 லட்சம் கொடுத்திருக்கிறார்கள். கூடவே வெண்கலத்தில் ஒரு 1,10,000 வரை, சீன, இந்திய, மால்டா தொழிலாளர் படைகளுக்கு. டப்பாவில் வெண்கலத்தைப் பார்த்தால் செம்பு வில்லை என்று நினைத்துத் தள்ளிவிடாதீர்கள், அதுதான் அரிது. இந்தப் பதக்கம் தனியாக வந்ததுமில்லை. போர்க்களத்துக்குப் போன பெரும்பாலானவர்களுக்கு இதோடு இறக்கை வைத்த பெண் உருவம் பொறித்த வெண்கல விக்டரி மெடலும் சேர்ந்து கிடைத்தது. 1915 முடிவதற்குள் களத்தில் கால் வைத்தவர்களுக்கு மேற்கொண்டு ஒரு வெண்கல நட்சத்திரம். கடைகளில் விக்டரி மெடல் ஒண்டியாக அதிகம் கிடைப்பதற்குக் காரணம் வேறொன்றுமில்லை, ஜோடி வெள்ளி என்பதால் உருக்கப் போய்விட்டது. 1980 ஜனவரியில் வெள்ளி விலை தாறுமாறாக ஏறியபோது இப்படி உலைக்குப் போனவை ஏராளம். என் கைக்கு வந்தது அதிலிருந்து தப்பியது.

சேகரிப்பவர்களில் சிலர் இதை ‘சாதா மெடல்’ என்று மூக்கைச் சுளிப்பார்கள். எனக்கு அதில் உடன்பாடில்லை. ஆளைத் தேட வேண்டும் என்றால் இதைவிட நல்ல பதக்கம் கிடையாது, ஏனென்றால் விளிம்பைச் சுற்றிப் பெயர் அடித்திருக்கும். படை எண், பதவி, பெயரின் முதலெழுத்து, குடும்பப் பெயர், படைப்பிரிவின் சுருக்கம். இரண்டாம் உலகப் போருக்கு பிரிட்டன் தன் வீரர்களுக்குக் கொடுத்த நட்சத்திரங்களில் ஒரு எழுத்துகூட இல்லை. வந்த பெட்டியோ முகவரிச் சீட்டோ கூடவே இல்லாவிட்டால் அந்த நட்சத்திரம் யாருடையது என்று யாராலும் சொல்ல முடியாது.

வாங்குவதற்கு முன் செய்ததைச் சுருக்கமாகச் சொல்கிறேன். விட்டத்தை காலிப்பரால் நாலு திசையிலும் அளந்தேன். பழைய பெயரை அராவி எடுத்துவிட்டு வேறு பெயர் வெட்டியிருந்தால் விளிம்பு ஒரு பக்கம் குறுகிக் காட்டும், மேற்பரப்பும் உள்ளே வாங்கியிருக்கும். எழுத்துகள் உளியால் கீறியவையா அச்சால் அடித்தவையா என்று லென்ஸில் பார்த்தேன். அச்சால் அடித்தவை, ஒவ்வொரு எழுத்தும் ஒரே ஆழம். வார்ப்புப் போலிகளில் தெரியும் பொடிப்பொடிக் குழி எதுவும் இல்லை. சரி, அசல். வாங்கியாயிற்று.

முதல் தேடல், தப்பான ஆள்

விளிம்பில் நான் படித்தது இது: 8-ல் தொடங்கி 3-ல் முடியும் நான்கு இலக்க எண், சிப்பாய் பதவி, முதலெழுத்து ஜே, தெருவுக்கு நாலு பேருக்கு இருக்கக்கூடிய ஒரு ஆங்கிலக் குடும்பப் பெயர், அப்புறம் மான்செஸ்டர் ரெஜிமென்ட்டின் சுருக்கம்.

லண்டனில் கியூ பகுதியில் உள்ள பிரிட்டிஷ் தேசிய ஆவணக் காப்பகத்தில் ‘பதக்கக் குறியீட்டு அட்டைகள்’ என்று ஒரு தொகுதி இருக்கிறது, எண் டபிள்யூ.ஓ. 372. போருக்குப் பிறகு யாருக்கு என்ன பதக்கம் தர வேண்டும் என்று கணக்குப் பார்க்க குமாஸ்தாக்கள் எழுதியது, ஆளுக்கு ஒரு சின்ன அட்டை. அட்டவணையைப் பெயர் போட்டு இணையத்திலேயே தேடலாம். போட்டேன். அதே ரெஜிமென்ட்டில் அதே பெயரும் முதலெழுத்தும் கொண்டவர்கள் கொத்தாக வந்தார்கள். ஒருவருக்கு 8-ல் தொடங்கும் நான்கு இலக்க எண், நடு இலக்கங்களும் பொருந்தின. கடைசி மட்டும் என்னுடையதில் 3, அட்டையில் 8.

இங்கேதான் நான் விழுந்தேன். 3-ஐயும் 8-ஐயும் யாரும் குழப்பிக்கொள்ளலாம், நூறு வருஷத்துக்கு முந்தைய குமாஸ்தா கை தவறி எழுதியிருப்பான் என்று முடிவு கட்டினேன். குமாஸ்தா மேல் பழி போடுவது வசதி, அவன் வந்து மறுத்துப் பேசப் போவதில்லை.

ஏன் அவ்வளவு சீக்கிரம் நம்பினேன் என்று பிறகு யோசித்துப் பார்த்தேன். அந்த ஆளின் கதை அப்படி. 1915 நவம்பரில் பிரான்ஸ் போனவர், 1916 ஜூலை 1-ல் இறந்தவர். சோம் போரின் முதல் நாள். அந்த ஒரே நாளில் பிரிட்டிஷ் படையில் 57,470 பேர் செத்தும் காயம்பட்டும் காணாமலும் போனார்கள், அதில் உயிர்விட்டவர்கள் 19,240. மான்செஸ்டர் பட்டாலியன்கள் மோன்தோபான் கிராமத்தைப் பிடித்த பகுதியில் இருந்தன, அன்றைக்கு வென்ற சில இடங்களில் அதுவும் ஒன்று. இவர் உடல் கிடைக்கவில்லை, தீப்வால் நினைவுச் சின்னத்தில் 72,000-க்கும் மேற்பட்ட பெயர்களோடு இவர் பெயரும் இருக்கிறது. காமன்வெல்த் போர்க் கல்லறை ஆணையத்தின் தளத்தில் அந்தப் பெயரைப் பார்த்தபோது எனக்குக் கை நடுங்கியது என்றால் மிகையில்லை. டப்பாவில் கிடந்த வில்லைக்கு இப்படி ஒரு கதை இருந்தால் யாருக்குத்தான் சந்தேகப்படத் தோன்றும்?

ஆகவே சந்தேகப்படாமல் வேலையைத் தொடர்ந்தேன். பட்டாலியனின் போர் நாட்குறிப்பை எடுத்துப் படித்தேன் (டபிள்யூ.ஓ. 95, அதிகாரிகள் எழுதியது, சாதாரண சிப்பாயின் பெயர் எப்போதாவதுதான் வரும்). வரைபடத்தைப் பார்த்தேன். பதக்கம் வைத்த உறைக்கு ஒரு சீட்டு எழுதி, இறந்த தேதி போட்டு ஒட்டினேன். கடைக்காரரிடமும் போய்ப் பெருமையாகச் சொன்னேன். அவர் அதற்குள் நாலு பேரிடம் சொல்லிவிட்டார்.

இடையில் ஒன்று உறுத்தியது. அந்த ஆளின் அட்டையில் பதவி லான்ஸ் கார்ப்பரல், என் பதக்கத்தில் வெறும் சிப்பாய். பிறகு பதவி உயர்வு வந்திருக்கும் என்று அதையும் ஓரம் கட்டினேன். எவ்வளவு மடத்தனம் என்று பாருங்கள். இந்தப் பதக்கத்தை அறிவித்ததே 1919-ல். 1916-லேயே இறந்துபோனவருக்கு, பதக்கம் அடித்த பிறகு எங்கிருந்து பதவி உயர்வு வரும்?

எப்படிப் பிடிபட்டது

ரொம்ப வருஷமாகப் பதக்கம் சேர்க்கும் நண்பர் ஒருவரிடம் படங்களை அனுப்பினேன். பாராட்டு வரும் என்று காத்திருந்தேன். “விளிம்பை முழுசா சுத்தி எடுத்த படம் இருக்கா?” என்று ஒரே கேள்வி. இல்லை. நான் எழுத்து தெரிந்த இடங்களை மட்டும் எடுத்திருந்தேன். “எண்ணுக்கு முன்னாடி கம்பி சேர்ற இடத்துல அழுக்கு இருக்கே, அதுக்குக் கீழே ஒண்ணும் இல்லைன்னு உங்களுக்கு எப்படித் தெரியும்?”

தெரியாது. பார்க்கவே இல்லை.

அன்று இரவு அறை விளக்கை அணைத்துவிட்டு, டார்ச்சை விளிம்போடு ஒட்டிப் பக்கவாட்டில் பிடித்தேன். நேராக வெளிச்சம் அடித்தால் கறுத்த வெள்ளியில் ஒன்றும் தெரியாது, சாய்த்து அடித்தால் பள்ளங்களில் நிழல் விழும், எழுத்து எழுந்து நிற்கும். கம்பியின் அடிப்பாகத்தை ஒட்டி, பழைய பாலிஷ் காய்ந்து வெள்ளையும் கறுப்புமாக இறுகிப்போன ஒரு கட்டி. யாரோ வருஷக்கணக்காகத் தேய்த்துத் தேய்த்து அங்கே போய்ச் சேர்ந்தது. காய்ச்சி வடித்த நீரில் பஞ்சை நனைத்து அதன்மேல் பத்து நிமிஷம் வைத்துவிட்டு, பல் குத்தும் மரக்குச்சியால் மெதுவாக நெம்பினேன். உலோகம் எதுவும் படக்கூடாது, ஊசி கூடவே கூடாது. கட்டி துண்டாக வந்தது. அதன் அடியில் ஒரு 2.

ஐந்து இலக்க எண். 28-ல் தொடங்கி 3-ல் முடிகிறது. குமாஸ்தா எந்தத் தப்பும் செய்யவில்லை.

அப்புறம் செய்த சோதனை முதல் நாளே செய்திருக்க வேண்டியது. பெயரை விட்டுவிட்டு, நான் தப்பாகப் படித்த நான்கு இலக்க எண்ணையும் ரெஜிமென்ட்டையும் மட்டும் போட்டுத் தேடினேன். சம்பந்தமே இல்லாத வேறு குடும்பப் பெயர் கொண்ட ஒருவர் வந்தார். அதாவது அந்த எண்ணுக்கு உரியவர் வேறு ஒருவராக அங்கேயே உட்கார்ந்திருந்தார், நான் கேட்கவில்லை. முதல் உலகப் போரில் எண்கள் ராணுவம் முழுமைக்கும் பொதுவாக இருக்கவில்லை, அது 1920-ல்தான் வந்தது. ஒரே எண் பத்து ரெஜிமென்ட்டில் பத்துப் பேருக்கு இருக்கும். ஆனால் எண்ணும் ரெஜிமென்ட்டும் பெயரும் மூன்றும் சேர்ந்து பொருந்தினால் ஆள் அவர்தான். மூன்றில் ஒன்று ஒரு இலக்கம் இடறினாலும் அவரில்லை என்றுதான் தொடங்க வேண்டும். நான் தலைகீழாகச் செய்தேன்.

சரியான ஆள்

சரியான அட்டையில் இரண்டு படைப்பிரிவுகள் இருந்தன. முதலில் மான்செஸ்டர் ரெஜிமென்ட், 28-ல் தொடங்கும் எண். அடுத்தது லேபர் கோர், அதாவது தொழிலாளர் படை, ஆறு இலக்கத்தில் புது எண். பதக்கத்தில் மான்செஸ்டர் மட்டும் இருப்பதில் முரண் இல்லை, வெளிநாட்டுக் களத்துக்கு முதலில் எந்தப் பிரிவோடு போனாரோ அதைத்தான் விளிம்பில் அடிப்பார்கள். நட்சத்திரம் இல்லை, அதனால் 1916-லோ அதற்குப் பிறகோதான் கடல் கடந்திருக்கிறார். லேபர் கோர் 1917-ல் உருவானது, காயத்தாலோ நோயாலோ முன்னணிக்குத் தகுதி இழந்தவர்களை அதிகம் அங்கே அனுப்பினார்கள். அட்டையின் மூலையில் இன்னொரு குறிப்பு, வெள்ளிப் போர் பேட்ஜ் பட்டியலுக்கான எண்.

அந்தக் குறிப்பைப் பார்த்ததும் நிமிர்ந்து உட்கார்ந்தேன். காயத்தாலோ நோயாலோ ராணுவத்திலிருந்து விடுவிக்கப்பட்டவர்களுக்கு 1916 செப்டம்பரிலிருந்து கொடுத்த பேட்ஜ் அது. உடம்பு சரியாக இருக்கிற மாதிரித் தெரிகிற இளைஞன் சாதாரண உடையில் தெருவில் நடந்தால் ‘ஏன் போருக்குப் போகவில்லை’ என்று கேட்டு அவமானப்படுத்தும் வழக்கம் இருந்தது, அதற்குப் பதிலாகச் சட்டையில் குத்திக்கொள்ள. பட்டியலில் சேர்ந்த தேதி, விடுவித்த தேதி, காரணம் மூன்றும் இருக்கும். இவர் சேர்ந்தது 1915 டிசம்பர். டெர்பி திட்டத்தில் பெயர் கொடுத்துவிட்டு வீட்டுக்குப் போய், அழைப்பு வரும்போது வரலாம் என்று ஆண்கள் வரிசையில் நின்ற மாதம் அது. விடுவித்தது 1918 வசந்தம். காரணம் காயம். ஆக, மூன்று வாரமாக நான் சோம் சேற்றில் புதைத்து வைத்திருந்தவர் உயிரோடு வீட்டுக்குப் போயிருக்கிறார்.

அவருடைய பணிக் கோப்பு கிடைக்கவில்லை. 1940 செப்டம்பரில் லண்டன் ஆர்ன்சைட் தெருக் கிடங்கில் குண்டு விழுந்து, முதல் உலகப் போர்ச் சிப்பாய்களின் கோப்புகளில் பாதிக்கு மேல் எரிந்துபோயின. தப்பியவற்றைத்தான் ‘எரிந்த ஆவணங்கள்’ என்று அழைக்கிறார்கள், டபிள்யூ.ஓ. 363. ஓரம் கருகி, தண்ணீரில் நனைந்து மை பரவிய தாள்கள். அமெரிக்கப் பதக்கம் தேடுகிறவர்களுக்கும் இதே தலைவலி உண்டு, 1973 ஜூலை 12-ல் செயின்ட் லூயிஸ் காப்பகத் தீயில் 1.6 கோடிக்கும் மேற்பட்ட கோப்புகள் போயின. ஆஸ்திரேலிய, கனடியப் பதக்கம் கிடைத்தவர்கள் கொடுத்து வைத்தவர்கள், அந்தப் போரின் பணிக் கோப்புகளை இரு நாடுகளும் மின்படமாக்கி இலவசமாகவே வைத்திருக்கின்றன.

கோப்பு இல்லையென்றால் பென்ஷன் அட்டை. அந்த அட்டைகளும் குப்பைக்குப் போக இருந்தவைதான், வெஸ்டர்ன் ஃபிரன்ட் அசோசியேஷன் என்ற தன்னார்வ அமைப்பு 2012-ல் வாங்கிக் காப்பாற்றியது. அதில் நம் ஆள் இருந்தார். ஒரு கோட்டில் ஊர், அடுத்த கோட்டில் காயம்: இடது கை, துப்பாக்கிக் காயம். குண்டா, ஷெல் சில்லா என்று அதை வைத்துச் சொல்ல முடியாது, அந்தக் காலத்து ராணுவ மருத்துவர்கள் இரண்டையும் பெரும்பாலும் ஒரே சொல்லில்தான் எழுதினார்கள்.

முகவரி கிடைத்தபின் மக்கள்தொகைக் கணக்கெடுப்புக்குப் போனேன். எண் தேடுவதைவிட இது எனக்கு நெருக்கமாக இருந்தது. 1911-ல் அவருக்குப் பதினேழு வயது, பருத்தி ஆலையில் வேலை. நூற்பு இயந்திரம் ஓடிக்கொண்டிருக்கும்போதே அறுந்துபோகும் இழையைக் குனிந்து பிடித்து விரலால் முறுக்கி ஒட்டும் வேலை. இயந்திரம் நிற்காது, இரண்டு கையும் வேண்டும். 1921 கணக்கெடுப்பில் (நூறு வருஷம் மூடி வைத்து 2022-ல்தான் திறந்தார்கள்) அதே தெரு, மனைவி, ஒரு கைக்குழந்தை. தொழில் என்ற இடத்தில் அதே ஆலை வேலையைத்தான் எழுதியிருக்கிறார், பக்கத்தில் ‘வேலை இல்லை’ என்று. 1931 கணக்கெடுப்பு 1942-ல் தீயில் போனது, 1941-ல் எடுக்கவே இல்லை, ஆகவே அடுத்து அவரைப் பார்க்க முடிவது 1939 செப்டம்பர் 29-ல் எடுத்த பதிவேட்டில்தான். அடுத்த போர் தொடங்கி நாலு வாரம்கூட ஆகவில்லை. இரவுக் காவலாளி என்று இருக்கிறது.

அந்தக் கையால் தான் ஆலைக்குத் திரும்ப முடியாமல் போனது என்று எழுதத் துடிக்கிறது. எழுத மாட்டேன். 1921-ல் பருத்தித் தொழிலே படுத்துவிட்டது, இரண்டு கையும் நன்றாக இருந்தவர்களும் வேலை இல்லாமல்தான் இருந்தார்கள். கதை நன்றாக இருக்கிறது என்பதற்காக ஆதாரத்தை நெளிக்கும் வேலையை ஒரு தடவை செய்தாயிற்று, போதும்.

மிச்சம்

பதக்கம் டப்பாவுக்கு எப்படி வந்தது என்பதற்குத் தடயம் இல்லை. வீட்டில் பெரியவர் காலமானபின் பெட்டி பெட்டியாக அள்ளிக் கொடுக்கும்போது இப்படி வருவதுதான் அதிகம். குடும்பம் மதிக்காமல் விற்றுவிட்டது என்று யாராவது சொன்னால் எனக்கு எரிச்சல் வரும், பெட்டிக்குள் அது இருந்ததே அவர்களுக்குத் தெரியாமல் இருந்திருக்கலாம்.

சுத்தம் செய்வது பற்றிச் சொல்கிறேன் என்றேன். அந்த 2-ஐ மூடியிருந்தது மண்ணோ துருவோ இல்லை, பாலிஷ். யாரோ பாசத்தோடு தேய்த்ததுதான் எண்ணை மறைத்தது, அதே தேய்ப்பில் ராஜாவின் மூக்கும் குதிரைக்காரன் முகமும் வழவழ என்று போயிருக்கின்றன. வெள்ளியின் கறுப்பு அப்படியே இருக்கட்டும். எழுத்து மறைந்திருக்கும் இடத்தை மட்டும் தண்ணீரும் மரக்குச்சியும் வைத்துப் பாருங்கள். அதற்கும் முன்னால், பதக்கத்தைக் கொஞ்சம் கொஞ்சமாகத் திருப்பி, கம்பியின் ஒரு பக்கத்திலிருந்து மறுபக்கம் வரை பன்னிரண்டு படமாவது எடுங்கள். இடைவெளியையும் சேர்த்து.

உறையில் ஒட்டிய சீட்டைக் கிழித்துவிட்டுப் புதிதாக எழுதினேன். கடைக்காரரிடம் போய் அந்த ஆள் சோமில் சாகவில்லை, இரவுக் காவலாளியாக இருந்தார் என்றேன். “முந்தின கதைதான் நல்லா இருந்துச்சு,” என்றார். அந்த நாலு பேரிடமும் மாற்றிச் சொல்வதாக ஒப்புக்கொண்டிருக்கிறார், சொன்னாரா என்று கேட்கவில்லை.

இறந்தவரின் பதக்கங்கள் வேறெங்கோ இருக்க வேண்டும், லான்ஸ் கார்ப்பரல் என்ற பதவியோடு, 8-ல் தொடங்கி 8-ல் முடியும் எண்ணோடு. நம் ஆளின் விக்டரி மெடலும் அப்படித்தான். அதைத் தேடிக்கொண்டிருக்கிறேன், ஒண்டியாகக் கிடக்கும் ஒவ்வொரு விக்டரி மெடலையும் இப்போது வளையத்தின் அடியிலிருந்துதான் படிக்கத் தொடங்குகிறேன்.